முடிச்சை எங்கே பிடிப்பது

இயற்பியல் பேராசிரியை மணிமொழியின் முன் மாணவன் கார்மேகம் ஒரு தாளை வைத்தான்.

"மரம் வந்துவிட்டது, அம்மா."

ஏழு சாதியாரின் மரபணுக்களை ஒப்பிட்டு, யாருக்கு யார் நெருங்கிய உறவு என்று கிளை வரைவது அவன் ஆய்வு. உருக்கிய உலோகத்தை மெல்ல ஆறவிட்டால் அணுக்கள் தத்தம் இடத்தில் அமரும். அந்தக் கணக்கைக் கணினியில் போட்டு, கிளைகளை இடம் மாற்றி மாற்றி நன்றாகக் குலுக்கி, மிகப் பொருந்தும் இடத்தில் அமரும்படி ஆறவிட்டிருந்தான்.

"அவசரப்பட்டு ஆறவிடவில்லையே?"

"இல்லை. திரும்பத் திரும்பச் சூடேற்றினேன். இதே மரம்தான்."

"பிறகு ஏன் முகம் இப்படி?"

"நாளை எங்கள் சங்க மாநாடு. அப்பாதான் தலைவர். எங்கள் சாதிதான் மூத்த வேர் என்று நான் மேடையில் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் வீட்டுப் படி ஏறாதே என்கிறார். வேர் எது, அம்மா?"

அந்தச் சங்கத்துக்குக் கொடி இருந்தது, சிலை இருந்தது, அடியாட்கள் இருந்தார்கள். அறிவியல்தான் பாக்கி.

மணிமொழி நூல்கண்டை எடுத்தார். தாளில் உள்ளபடியே கிளைகளைக் கட்டி, ஏழு நுனியிலும் முடிச்சிட்டார்.

"உன் சாதியின் முடிச்சைப் பிடித்துத் தூக்கு."

தூக்கினான். மற்ற ஆறும் கீழே தொங்கின.

"வேறொன்றைப் பிடி."

பிடித்தான். அவன் சாதி கீழே தொங்கியது.

"நூல் மாறியதா?"

"இல்லை. பிடித்த இடம்தான் மாறியது."

"நம் கணக்கு உறவைச் சொல்லும். வேரைச் சொல்லாது."

"அப்படியானால் வேரை எப்படி அறிவது?"

"இந்த ஏழிலும் சேராத ஒரு வெளியாளைக் கொண்டுவந்து சேர். அவர் வந்து ஒட்டும் இடம்தான் வேர்."

"யார் அந்த வெளியாள்?"

"மனிதக் குரங்கு."

"குரங்கை மேடையேற்றச் சொல்கிறீர்களா? அடித்தே கொன்றுவிடுவார்கள்."

"யார் யாரோ ஏறுகிற மேடைதானே."

அவன் சிரிக்கவில்லை. நூலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் மேடையில் அதைத் தூக்கிக் காட்டினான். முதலில் தங்கள் முடிச்சைப் பிடித்தான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு அதே ஏழில் ஒன்றான சேரி மக்களின் முடிச்சைப் பிடித்தான்.

ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் காலை, கிழிந்த சட்டையும் ஒரு பெட்டியுமாக ஆய்வகத்துக்கு வந்தான்.

"அப்பா என்னைத் தலைமுழுகிவிட்டார், அம்மா. சாதியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. இனி அவர்களுக்கு நான் வெளியாள்."

மணிமொழி பெட்டியை வாங்கி மேசைக்கு அடியில் வைத்தார்.

"அப்படியானால் வேரைத் தேட அவர்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது."