வாபஸ் வாங்கிய சத்தியம்

ஒரு விடுகதை. முன்பு எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் கேட்டார்கள். பிறகு யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவில்லை. இப்போது எல்லோரும் பார்க்கலாம், ஒருவர் மட்டுமே கேட்கலாம். அது என்ன?

பள்ளி மனநல ஆலோசகர் ஜெசிந்தா இதைத் தன்னிடம் பயிற்சிக்கு வந்த செண்பகராமனுக்குப் போட்டார். மாணவர்தான் வயதில் மூத்தவர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "நம்ம தொழில் எப்படி ஆரம்பிச்சது மேடம்?" என்று அவர் கேட்டிருந்தார்.

செண்பகராமன் விடையைக் கேட்டார்.

"மனசு சரியில்லாதவங்க பேச்சு, சார். முதல்ல பேயோட்டுற கோடாங்கி முன்னால ஊரே நின்னு கேட்டுச்சு. அப்புறம் பெரிய மதில் கட்டி உள்ளே அடைச்சாங்க. இப்போ இந்த அறை."

அறைக் கதவில் கண்ணாடி பதித்திருந்தார்கள்; வெளியே நிற்பவர்கள் பார்க்கலாம், பேச்சு கேட்காது.

"மூணு பள்ளிக்கூடத்துக்கு நீங்க ஒருத்தர்தானாமே?"

"அதான் உங்களைப் பிடிச்சு வெச்சிருக்கேன்."

அன்று வந்தவள் நிலோஃபர், ஐந்தாம் வகுப்பு. கொஞ்ச நாளாகப் பள்ளி வேனைப் பார்த்தாலே அழுகிறாள். காரணம் சொல்வதில்லை. இன்றும் சொல்லாவிட்டால் திங்கட்கிழமை விடுதியில் சேர்த்துவிடுவதாக அவள் அம்மா சொல்லிவிட்டார். அம்மா கதவுக்கு வெளியே நின்றார்.

செண்பகராமன்தான் பேசினார். ஜெசிந்தா ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"சொன்னா வெளியில சொல்லிடுவீங்களா?" என்றாள் நிலோஃபர்.

"சத்தியமா யாருகிட்டயும் சொல்ல மாட்டேம்மா."

சிறுமி மூச்சை இழுத்துக்கொண்டு பேச வந்தாள்.

"ஒரு நிமிஷம்டா கண்ணு," என்றார் ஜெசிந்தா. "சார், அந்தச் சத்தியத்தை வாபஸ் வாங்குங்க."

செண்பகராமன் அவரருகே போய்க் குரலைத் தாழ்த்தினார். "இப்பத்தான் வாயைத் திறக்கிறா மேடம். மறுபடி மூடிக்கிட்டா விடுதிதான்."

"மூடிக்கட்டும். ஏமாந்து திறக்கக் கூடாது."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"அம்மாடி, நான் தப்பாச் சொல்லிட்டேன். உன்னை யாராவது துன்பப்படுத்தினா, அதைத் தடுக்கக்கூடியவங்ககிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன். மத்ததெல்லாம் என்னோட இருக்கும்."

"வாத்தியாருங்க தப்பாச் சொல்வாங்களா?"

"நிறைய."

நிலோஃபர் சிரிக்கவில்லை. "யாருகிட்ட சொல்வீங்க?"

செண்பகராமன் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா சிறுமியைக் கைகாட்டினார்.

"அவகிட்டயே கேளுங்க சார்."

கேட்டார்.

நிலோஃபர் கதவுக் கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். பிறகு, அம்மாவை உள்ளே கூப்பிடச் சொன்னாள்.