ஆவுடையப்பன் சாரின் அழகுப் பனை

பேச்சித்தாய்க்கு ஒரே ஒரு சீடர். அவருக்கு வயது அறுபத்து நான்கு.

பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த ஆவுடையப்பன் சார்தான் அந்தச் சீடர். அவரிடம் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவள் பேச்சித்தாய். இப்போது நர்சரி வைத்திருக்கிறாள். செடி விஷயத்தில் அவள் சொன்னால் சாருக்கு வேதவாக்கு. "குருவே" என்றுதான் கூப்பிடுவார். அவள் கூச்சத்தில் நெளிவதைப் பார்க்க அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அன்றைக்கு மத்தியானம் முகம் தொங்கிப்போய் வந்தார்.

"குருவே, என் பனை போயிரும்போல இருக்கு."

மகள் சிவகாமி கல்யாணமாகிப் புனேவுக்குப் போகுமுன் வீட்டுத் தோட்டத்தில் நட்ட அலங்காரப் பனை அது. "நான் வரும்போது என்னைவிட உயரமா நிக்கணும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த மாசம் கைக்குழந்தையோடு வருகிறாள். மகள் இல்லாத வீட்டில் சார் கொஞ்சுவதற்கு அந்த மரத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது, பாவம்!

செல்போனில் படத்தைக் காட்டினார். ஓலையெல்லாம் மஞ்சள். நடுக்குருத்து அழுகிச் சாய்ந்திருந்தது.

"என்ன குடுத்தீங்க சார்?"

"என்ன குடுக்கலைன்னு கேளு. காலையில ரெண்டு வாளித் தண்ணி. சாயங்காலம் ரெண்டு வாளி. நடுவுல என் வீட்டுக்காரி அரிசி கழுவின தண்ணி ஊத்துவா. வாரம் ரெண்டு நாள் புண்ணாக்குக் கரைசல். புளிச்ச மோர் வேற. நான் என்னம்மா குறை வச்சேன்?"

பேச்சித்தாய் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சாப்பிட்டுப் பேசுவோம், வாங்க."

இலை போட்டாள். சோறும் தேங்காய்ப்பால் சொதியும் பிரமாதம். சார் ரசித்துச் சாப்பிட்டார். மறுசோறு வந்தது. அதையும் சாப்பிட்டார். மூன்றாவது முறை கரண்டியோடு வந்தபோது இலைக்கு மேல் கையை நீட்டினார்.

"போதும்மா."

அவள் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டுச் சோற்றைப் போட்டாள். சொதியை ஊற்றினாள்.

"ஏ பேச்சி, வயித்துல இடமில்ல!"

"ஒரு கை சோறு சார். உங்களுக்குப் போடாம யாருக்குப் போடப்போறேன்?"

மறுபடியும் கையை விலக்கினாள். மறுபடியும் போட்டாள். சொதி இலை விளிம்பைத் தாண்டி ஓடியது.

"அடியே, என்னைக் கொன்னுராத!" சார் இரண்டு கையையும் விரித்து, இலைமேலேயே கவிழ்ந்துவிட்டார்.

பேச்சித்தாய் சிரித்துக்கொண்டே கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சார் ரெண்டு கையையும் வச்சு மறைச்சிட்டீங்க. அந்தப் பனை எதை வச்சு மறைக்கும்?"

ஆவுடையப்பன் மெல்ல நிமிர்ந்து இலையிலிருந்து கையை எடுத்தார்.

"பொழைக்குமா?"

"படத்துல பார்த்தேன், அடியில ரெண்டு பக்கக்கன்னு இன்னும் பச்சையா இருக்கு. பொழைக்கும்."

அவர் முகம் தெளிந்தது. அவசரமாகக் கேட்டார்: "அதுக்கு நான் என்ன குடுக்கட்டும்?"

"பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிடுங்க சார். கை ரெண்டும் மடியிலயே இருக்கட்டும்."