கொட்டாவிப்பட்டி கூடிப் பிடித்த பூட்டு

கொட்டாவிப்பட்டி மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக் கணக்கில் இதுவரை ஒருவரும் தேறியதில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆளுக்கு ஒன்று இருக்கிறது. புதுசாகவே இருக்கட்டும் என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

கணக்கை அவர்கள் மதித்த அளவுக்கு வேறு யாரும் மதித்ததும் இல்லை. ஒரு தொட்டியை மேல்குழாய் நிரப்புகிறது, கீழ்க்குழாய் காலி செய்கிறது, தொட்டி எப்போது நிரம்பும் என்று ஒருமுறை வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். பேச்சிமுத்து என்ற மாணவன் அதை வீட்டில் சத்தமாகப் படிக்க, ஊரே பதறிவிட்டது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் மாடக்கண்ணு துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடி, பஞ்சாயத்துத் தொட்டியின் கீழ்க்குழாயை அடைத்தார். ஊருக்கு இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. ஆனால் கணக்கு முடிந்தது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த ஊருக்குக் கல்வி அதிகாரி ஞானதுரை ஜீப்பில் வந்து இறங்கினார். "இந்த வருஷமும் கணக்குல ஒருத்தர்கூடத் தேறலைன்னா பள்ளிக்கூடத்தைப் பூட்டிருவேன்" என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

எல்லோரையும்விட இதில் அதிகம் பயந்தவள் பத்தாம் வகுப்பு மாணவி தங்கபுஷ்பம். அவளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று கொள்ளை ஆசை. பள்ளியைப் பூட்டினால் ஆடு மேய்க்கத்தான் போக வேண்டும் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அதிகாரி வந்த மறுநாளே ஆடும் வாங்கிவிட்டார். மகளின் கணக்கு மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த வாரம் கணக்கு வாத்தியார் சிகாமணி ஆட்கள், நாட்கள் பாடம் நடத்தினார். அவரும் உள்ளூர்க்காரர்தான்.

"ஒரு சுவரை ஒரு ஆள் கட்டினா பத்து நாள். பத்து ஆள் கட்டினா ஒரே நாள். ஆள் கூடினா நாள் குறையும். இதை வாழ்க்கையிலயும் மறக்கக் கூடாது."

தங்கபுஷ்பம் எழுந்தாள். "சார், இந்தப் புத்தகத்தை ஒரு ஆள் படிச்சா எவ்வளவு நாளாகும்?"

"ஒரு வருஷம் ஆகும்மா."

"நாங்க பத்துப் பேரு இருக்கோமே சார்?"

சிகாமணி சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். இத்தனை வருஷமாக ஒரே வேலையைப் பத்துப் பேரிடமும் தனித்தனியாக வாங்கியிருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. புத்தகத்தை அங்கேயே பத்தாகக் கிழித்து ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்தார். பேச்சிமுத்துவுக்கு அட்டையும் பொருளடக்கமும் வந்தன. அவன் அதை ராப்பகலாகப் படித்தான்.

தேர்வில் எல்லோரும் நேர்மையாக நடந்துகொண்டார்கள். தன் பங்குக்கு மட்டும் விடை எழுதி, மற்றதற்கெல்லாம் 'இது அடுத்த பெஞ்சில் இருக்கிறது' என்று குறித்தார்கள். பேச்சிமுத்து ஒவ்வொரு கேள்விக்கும் எந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தான். திருத்துகிறவருக்கு உதவியாக இருக்குமே என்ற நல்ல எண்ணம்தான்.

முடிவுகள் வந்தன. பத்துப் பேரின் மதிப்பெண்களையும் கூட்டிப் பார்த்தார்கள். நூறு வந்தது. கூட்டியதும் அவர்களேதான். ஊரெல்லாம் லட்டு கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அதிகாரி ஒரு பெரிய பூட்டோடு வந்து சேர்ந்தார்.

"யாருய்யா இங்க பாஸ்?"

"எல்லாரும் சேர்ந்து பாஸ் ஐயா" என்றார் மாடக்கண்ணு. "நூத்துக்கு நூறு."

"தனித்தனியா?"

"தனித்தனியா ஃபெயில்தான் ஐயா. யாரு தனியா பார்க்கச் சொன்னா?"

அதிகாரி கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினார். "இது ஒரு வருஷம் பூட்டியே கிடக்கும். வருஷம் முடிஞ்சதும் திறந்துக்குங்க" என்று சாவியைச் சிகாமணி சாரிடம் கொடுத்தார்.

தங்கபுஷ்பம் ஓவென்று அழுதாள். பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் அப்பா ஆட்டோடு தயாராக வந்து நின்றார். ஆட்டைப் பார்த்ததும் அவள் அழுகை சட்டென்று நின்றது.

"சார், பூட்டினது ஒரே ஒரு ஆளுதானே? அதான் ஒரு வருஷம் ஆகுது!"

ஊர் கேட்டை நோக்கிப் பாய்ந்தது. கைக்கு எட்டியவர்கள் பூட்டைப் பிடித்தார்கள். எட்டாதவர்கள் பிடித்தவர்களைப் பிடித்தார்கள்.

"மாடு, கன்னு எல்லாம் பிடிக்கலாமா சார்?" என்று கேட்டார் மாடக்கண்ணு.

சிகாமணி சார் ஆழ்ந்து யோசித்தார். "பாடத்துல ஆள்னுதான் போட்டிருக்கு அண்ணாச்சி. மாடு பிடிச்சா விடை தப்பாயிரும்."

தங்கபுஷ்பத்தின் அப்பா வருத்தத்தோடு ஆட்டை வேலியில் கட்டிவிட்டு வந்து வரிசையில் சேர்ந்தார்.

கொஞ்ச நேரத்தில், "ஏலே, தீபாவளி போகுதுலே!" என்று யாரோ கத்த, இன்னொருவர் அவசரமாக ஒரு வெடி போட்டார். அந்தப் புகை அடங்குவதற்குள் பொங்கல் வந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். சித்திரைக் கோயில் கொடைக்கு மேளக்காரர்களைத் தேடுவதற்குள் அதுவும் கடந்து போயிற்று.

"போதும், விடுங்க. ஒரு வருஷம் ஆச்சு" என்று சிகாமணி சார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பூட்டைத் திறந்தார். வருஷம் முடிந்துவிட்டதால் பிள்ளைகள் நேராகப் பதினொன்றாம் வகுப்புக்குப் போனார்கள். தங்கபுஷ்பம் முதல் பெஞ்சைப் பிடித்தாள். அவள் அப்பா ஆட்டைப் பார்த்து, ஒரு வருஷம் ஆகியும் வளரவே இல்லையே என்று சங்கடப்பட்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற அதிகாரி ஞானதுரைக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு, தெரிஞ்சுக்கோங்க! ரிட்டயர் ஆகிற வரைக்கும் தினம் வந்து பூட்டுவேன்!"

ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கபுஷ்பம் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, மரியாதையாக, அதிகாரியின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சிமுத்து வலது கையைப் பிடித்தான். சிகாமணி சார் இடுப்பைப் பிடித்தார். பின்னால் ஊர் வந்து சேர்ந்தது.

"என்னய்யா செய்றீங்க? விடுங்கய்யா!"

"பயப்படாதீங்க ஐயா, ரெண்டே வருஷம்தானே" என்றார் மாடக்கண்ணு. பிறகு திரும்பிப் பார்த்துக் கத்தினார். "யாராவது ஓடிப்போய் மாலையும் சால்வையும் வாங்கிட்டு வாங்கலே! ஐயா ரிட்டயர் ஆகப் போறாரு!"

ஜீப்பிலிருந்து டிரைவர் இறங்கி வந்து, தானும் ஒரு கை பிடித்தார்.