மங்கலமாக விழுந்த நிரல்

சீடர் திருமேனிக்கு ஐம்பத்திரண்டு வயது. குரு செண்பகவல்லிக்கு முப்பத்தொன்று. கணினி நிரல் எழுதுவதில் மூப்புக்கு வேறு கணக்கு.

ஒருநாள் திருமேனி மூச்சிரைக்க வந்தார்.

"குருவே, ஜாதகப் பொருத்தம் பார்க்கிற என் நிரல் மறுபடி பாதியில நின்னு விழுந்துடுச்சு. ரெண்டு வீட்டாரும் எதிர்ல உட்கார்ந்திருந்தாங்க! இன்னொரு தடவை விழுந்தா அதைத் தூக்கிப் போட்டுடுவேங்கிறார், திருமணத் தகவல் நிலையத்து நாச்சியப்பன்."

"விழும்போது என்ன சொல்லிச்சு, அண்ணே?"

"'சுபம்'னு சொல்லிச்சு."

"என்னது?"

"குத்துவிளக்குப் படமும் வரும். கல்யாணம் பேசற இடத்துல பிழை, முறிவுன்னு எந்தச் சொல்லும் திரையில வரக்கூடாதுன்னு அவர் கண்டிப்பு. அதனால, எது நடந்தாலும் 'சுபம்' போட்டு மூடிடும்."

"பிழையோட விவரம்?"

"அதையும் அழிச்சிடும். மங்கலம் முழுசா இருக்கட்டுமேன்னுதான்…"

குரு எழுந்தார். மேசைக்காலில் தடுக்கித் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார்.

"ஐயோ! எங்கே அடி?"

"சுபம்."

"காலா, இடுப்பா?"

"சுபம்" என்று குரு கைகூப்பினார்.

"இப்படிச் சொன்னா நான் தைலத்தை எங்கே தடவ…" திருமேனி பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அன்றே நிரலைத் திருத்தினார். எந்த வரியில், எந்த ஜாதகத்தில் விழுந்தது என்பதை இனி ஒரு கோப்பில் எழுதிவிட்டுத்தான் அது விழும். ஆனால் உடனே முகம் வாடியது.

"விவரம் கிடைக்கணும்னா இன்னொரு தடவை விழணுமே, குருவே!"

"நாளைக்குக் காலையில, வீட்டார் வர்றதுக்கு முன்னாடி போங்க. இன்னிக்குப் போட்ட ஜாதகத்தையே போட்டு, நீங்களே விழவைங்க."

"நாச்சியப்பன் எதிர்லயா?"

"அவர் எதிர்லதான்."

மறுநாள் காலை நிரல் விழுந்தது. நாச்சியப்பன் பல்லைக் கடித்தார். திருமேனியோ துள்ளிக் குதித்துக் கோப்பைத் திறந்தார். மாப்பிள்ளையின் பிறந்த நேரம் காலியாக இருந்தது.

"அவங்களுக்கே தெரியலைன்னாங்க. அதான் விட்டுட்டேன்" என்றார் நாச்சியப்பன், சுருதி இறங்கி.

நேரம் இல்லாவிட்டால் கேட்டு வாங்கும்படி நிரலை மாற்றியாயிற்று. திருமேனியின் பிழைப்பும் பிழைத்தது. மாலையில் குருவிடம் வந்தார்.

"இப்ப விழறதே இல்லை, குருவே. ஆனா அந்தக் கோப்புல அமங்கலச் சொல்லா கிடக்குதாம். எடுத்துடச் சொல்றார். இனிமே அது எதுக்கு?"

"பத்துப் பொருத்தமும் பார்த்து அவர் முடிச்சுவச்ச ஜோடிகள்ல ஒண்ணுகூட இதுவரைக்கும் சண்டை போட்டதில்லைன்னு சொல்லச் சொல்லுங்க, அண்ணே. அன்னிக்கே எடுத்துடலாம்."