பஞ்சுக்குள்ள குடியிருந்தவங்க

ஒரு ஊர்ல ஒரு லேத் பட்டறைக்காரன் இருந்தான் கண்ணு. பேரு சென்னிமலை. சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். டம்ளரைக் கழுவித்தான் தண்ணி குடிப்பான், குடிச்சுட்டு டம்ளரை மறுபடி கழுவுவான், அப்புறம் கழுவின கையைக் கழுவுவான். சிரிக்காத, தூக்கம் போயிரும்.

அவனுக்குப் பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. இருந்ததெல்லாம் ஒரு ஆமை. கன்னத்துல சிவப்புக் கோடு போட்ட ஆமை, பேரு மாணிக்கம். முன் ரூம்ல பெரிய கண்ணாடித் தொட்டி, அதுல பாதி தண்ணி, ஏறி உக்கார ஒரு கல்லு. மூலையில ஒரு மோட்டர். அது தொட்டித் தண்ணிய உறிஞ்சி, ஒரு பஞ்சு வழியா வடிகட்டி, திரும்ப உள்ள விடும். குளு குளு குளுன்னு சத்தம் வரும். சென்னிமலை சாயங்காலம் வந்து, "என்னடா மாணிக்கம், சாப்பிட்டியா?"ம்பான். மாணிக்கம் கழுத்தை நீட்டும். அவன் வந்தானா வரலையான்னு பாக்க உலகத்துல வேற ஆள் இல்ல. ம் சொல்றியா? சரி.

அப்போ ஆயுத பூஜை வந்துச்சு. பட்டறையில லேத்தைத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, பூசணிக்காய் உடைச்சுட்டு வீட்டுக்கு வந்தான். வந்து பார்த்தா மோட்டர் ஓடிக்கிட்டு இருக்கு. "அடடா, நீயும் ஒரு மிஷின்தானே! வருஷம் பூரா உழைக்கிற, உனக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டாமா?"ன்னு சுவிட்சை அமத்தினான். டக். பஞ்சை உருவினான். பழுப்பா, கொழகொழன்னு இருந்துச்சு. "ச்சீ!" சோப்புத்தூள் போட்டு சரக்கு சரக்குன்னு தேச்சான். வெள்ளை வெளேர்னு ஆகற வரைக்கும் குழாயடியில அலசி, வெயில்ல காயப் போட்டான். அப்புறம் மோட்டருக்குப் பொட்டு வச்சு, பூ வச்சு, சுண்டல் படைச்சுக் கும்பிட்டான். நல்ல மனசுதான், என்ன பண்றது!

மறுநாள் பஞ்சை மாட்டி ஓட விட்டான். ரெண்டு மூணு நாள்ல தண்ணி கஞ்சியாட்டம் கலங்கிருச்சு. ஒரு கெட்ட வாடை வேற. மாணிக்கம் கல்லு மேல ஏறி உக்காந்துக்கிச்சு, இறங்கவே மாட்டேங்குது. கண்ணு ரெண்டும் வீங்கி மூடிக்கிச்சு. "மாணிக்கம்"னான். கழுத்து நீளல. சென்னிமலை தொட்டிக்குப் பக்கத்துலயே உக்காந்துட்டான். இருக்கற ஒரு உசுரும் போயிருமோ?

முதல்ல என்ன பண்ணினான், மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டு, சளசளன்னு குழாய்த் தண்ணிய நிரப்பினான். குழாய்த் தண்ணியில மருந்து போட்டிருப்பாங்களே, மூக்குல ஏறுமே, அந்த வாடையோடயே. ரெண்டு நாள்ல மறுபடி கஞ்சி. அப்புறம், பசி போலன்னு இரையை அள்ளி அள்ளிப் போட்டான். மாணிக்கம் தொடல. இரை ஊறி, அழுகி, நாத்தம் கூடிருச்சு. மூணாவதா பஞ்சைக் கழட்டி மறுபடியும் சோப்புத்தூள்! ஆமா, மறுபடியும். தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதானே அவனுக்கு.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், தொட்டிக்குப் பக்கத்துலயே தரையில படுத்துக் கண் அசந்துட்டான். அப்போ ஒரு கனா. அவன் சின்னதாயிட்டே போறான்... கடுகு அளவு... கடுகை விடச் சின்னதா... மெல்ல மிதந்து, தண்ணியோட தண்ணியா மோட்டர் குழாய்க்குள்ள போயி, பஞ்சுக்குள்ள இறங்குறான். அடேங்கப்பா, உள்ள ஒரு ஊரு! தெருவுக்குள்ள தெரு, எங்க பார்த்தாலும் குட்டிக் குட்டி வீடு. எல்லாக் கதவும் தொறந்து கிடக்கு. ஒரு ஆள் இல்ல. "யாருங்க வீட்ல?"ங்கறான். அவன் குரலேதான் திரும்பி வருது. வாசலெல்லாம் சோப்பு வாடை. மேல வெளிச்சத்துல மாணிக்கம் மேகமாட்டம் மிதந்துக்கிட்டே சொல்லுச்சாம்: "என் அழுக்கைத் தின்னு தண்ணியைத் தெளிய வச்ச குட்டி ஜனங்க இங்கதான் குடியிருந்தாங்க சென்னிமலை. நீ வீட்டைக் கழுவறப்போ வீட்டுக்காரங்களையும் சேத்துக் கழுவிட்ட."

முழிச்சு உக்காந்தான். அழுதான் கண்ணு. அவ்வளவு பெரிய ஆம்பளை, தேம்பித் தேம்பி அழுதான்.

போனவங்களை எங்கருந்து கூட்டியாறது? அப்போதான் எதிர் வீட்டுத் தெய்வானை அக்கா ஞாபகம் வந்துச்சு. அந்த அக்கா தொட்டியில மீன் வளக்குது. மகா சோம்பேறி. பஞ்சு அடைச்சுக்கிட்டா மட்டும் எடுத்து, தொட்டித் தண்ணியிலயே முக்கி ஒரு பிழி பிழியும், அவ்வளவுதான். ஒரு நாள் சென்னிமலை அதைப் பார்த்துட்டு, "இது பஞ்சா சாக்கடையா?"ன்னு தெருவே கேக்கச் சொல்லி வச்சான். அதுலருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சு இல்ல.

எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவான்? அக்கா வாசல் வரைக்கும் போனான், திரும்பினான். போனான், திரும்பினான். மூணாந்தடவை கதவைத் தட்டிட்டான். டொக் டொக்.

"அக்கா... உங்க பஞ்சுல ஒரு துண்டு வேணுங்க."

"எது, அந்தச் சாக்கடையிலயா?"

"ஆமாங்க்கா. கழுவாததா வேணுங்க. மாணிக்கம் சாகக் கெடக்கறானுங்க."

அக்கா இடுப்புல கையை வச்சுக்கிட்டு ஏற இறங்கப் பார்த்துச்சு. அவன் கண்ணு செவந்திருந்ததையும் பார்த்துச்சு. "உறைமோர் வாங்க வந்தவனாட்டம் நிக்கற? உள்ள வாப்பா"ன்னு சொல்லி, பஞ்சுல பாதியை நறுக்குனு வெட்டி, தொட்டித் தண்ணியோடயே கிண்ணத்துல போட்டுக் குடுத்துச்சு.

"காய விட்றாத. போனதும் உன் பஞ்சோட சேத்து உள்ள வச்சு மோட்டரைப் போட்டுரு. குழாய்த் தண்ணிய பக்கெட்ல புடிச்சு ஒரு நாள் தொறந்து வையி, மருந்து வாடை போகட்டும், தினம் கொஞ்சம் கொஞ்சமா மாத்து. அப்புறம் முக்கியமா, சும்மா இரு."

அந்த சும்மா இருக்கறதுதான் கண்ணு அவனுக்குப் பெரும்பாடு. கை நமநமன்னு அரிக்கும். துணியை எடுப்பான், வச்சிருவான். பஞ்சுக்குள்ள குட்டி ஜனங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க, பாயைச் சுருட்டிக்கிட்டு, சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு. வெள்ளைப் பஞ்சு பழுப்பாச்சு. சென்னிமலை அந்த அழுக்கைப் பார்த்து, "வாங்க, வாங்க"ன்னு கும்பிட்டான். தண்ணி மெல்ல... மெல்ல... தெளிஞ்சுக்கிட்டே வந்துச்சு.

அப்புறம் ஒரு மழை நாள் சாயங்காலம், ப்ளக்! மாணிக்கம் கல்லுல இருந்து தண்ணிக்குள்ள விழுந்துச்சு. ஒரு கண்ணைத் தொறந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. "அக்கா! கண்ணத் தொறந்துட்டான்கா!"ன்னு சென்னிமலை போட்ட சத்தத்துல, தெய்வானை அக்கா சேத்துச் செருப்போட அப்படியே உள்ள ஓடி வந்துச்சு. வாசல்லருந்து தொட்டி வரைக்கும் சேறு, சதக் சதக்குன்னு. சென்னிமலை தரையைப் பாக்கவே இல்ல.

மாணிக்கம் தூங்கிருச்சு, சென்னிமலை தூங்கிட்டான், பஞ்சுக்குள்ள இருக்கறவங்க மட்டும் வேலை பாக்கறாங்க. குளு... குளு... குளு... எங்க, ம் காணோம்? சரி. கதை கரை சேந்துருச்சு, நீ தூங்கு சாமி.