தொண்டையில் வைத்த கை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது மெதுவாகச் சொல்ல வேண்டிய கதை.

ஈரோட்டில் பரணிதரன் என்றொரு மல்லன். பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. சின்ன வயதில் அக்கா மேகலாவின் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொள்வான். அவள் பேசப் பேச, குரல் அவன் கைக்குள் எறும்பு ஊர்வதுபோல் ஓடும். அவன் கேட்ட குரல் அது ஒன்றுதான். அக்கா கல்யாணமாகிப் பவானிக்குப் போனாள். அப்புறம் யார் தொண்டையில் போய்க் கை வைப்பது? டீக்கடையில் ஏதோ பேசி அத்தனை பேரும் சிரிப்பார்கள். இவன் எதற்கென்று தெரியாமல் கிளாசையே பார்த்துக்கொண்டிருப்பான்.

செம்மண் கோதாவில் மல்யுத்தம் பழகியவன், குத்து, உதை, பிடி எல்லாம் கலந்து கம்பிக்கூண்டுக்குள் போடுகிற எம்.எம்.ஏ. சண்டைக்கு வந்தான். ஐந்து சண்டை ஜெயித்தான். ஜெயிப்பதைவிட அவனுக்கு வேறொரு ஆசை. எதிராளியின் கழுத்தைக் கை மடிப்பில் வளைத்துப் பிடிக்கும்போது, அந்த ஆளின் குரல் இவன் கைக்கு வரும். மனிதக் குரல் அவனுக்குக் கிடைக்கிற இடம் இப்போது அந்தக் கூண்டுதான்.

ஆறாவது சண்டைக்கு முன்னால் போட்டி நடத்துகிறவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: "காது கேக்காதவனை உள்ள விடறது ஆபத்து. இதுல ஜெயிச்சா தொடரட்டும். தோத்தா இதோட சரி."

எதிராளி திலீபன், வாய்க்காரன். எடை பார்த்த அன்றே மார்தட்டினான்: "பொறந்த அன்னிக்கே நான் அழுவலைன்னு எங்கம்மா சொல்லும். இவனா என்னை அழ வைப்பான்?" தம்பிக்குத் துணையாகப் பவானியிலிருந்து வந்திருந்த மேகலா அதை அவனுக்குச் சைகையில் சொன்னாள்.

இரண்டாம் சுற்றில் பரணி பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்துவிட்டான். தோல்வியை ஒப்புக்கொள்ள அங்கே இரண்டு வழி: கையால் தட்டலாம், அல்லது வாயால் சொல்லலாம். தட்டினால் அரங்கமே பார்க்கும். திலீபன் தட்டவில்லை. ஆனால் உடம்பு தளர்ந்தது. தொண்டையில் ஒரே ஒரு சொல் குறுகுறுத்தது. என்ன சொல் என்று பரணியின் கைக்குத் தெரியாது. தோற்றவன் குரல் என்று தெரியும். பிடியை விட்டான்.

மேளச் சத்தத்தில் நடுவர் அந்தோணிசாமிக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் சண்டையை நிறுத்தவில்லை. திலீபன் சட்டென்று திரும்பி விட்டான் ஒரு குத்து. பரணி விழுந்தான். அப்போதுதான் நடுவர் குறுக்கே வந்தார்.

பரணி தட்டுத்தடுமாறி எழுந்து சைகை காட்டினான். கூண்டோரம் நின்ற மேகலா உரக்கச் சொன்னாள்: "ஏனுங்க, அவன் தோத்துட்டேன்னு வாயால சொன்னானுங்க. அதனாலதான் எந்தம்பி விட்டான்."

"நான் வாயே திறக்கலை!" என்றான் திலீபன்.

கூட்டம் சிரித்தது. "நமக்குக் கேக்காதது செவிடனுக்குக் கேட்டுச்சாமப்பா!"

நடுவர் சிரிக்கவில்லை. "வெறும் மூச்சுத் திணறலா இருந்தா? சாட்சி உண்டாம்மா?" என்று கேட்டார்.

சாட்சி ஏது? கேட்டது அவன் கை மட்டும்தானே. அத்தனை ஜனத்துக்கு நடுவில் ஒற்றைப் பனைமரம்போல நின்றான் பரணி. திலீபனின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் அக்கா பக்கம் திரும்பி இன்னொரு சைகை காட்டினான். வழக்கு அதில் தீர்ந்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சாட்சியே இல்லாத அந்தச் சொல்லை, காது கேளாதவன் எப்படி ஊரறிய வெளியே கொண்டுவந்தான்?

விடை இது. பரணி கண்ணிலிருந்து கன்னத்துக்கு விரலால் கோடு இழுத்து, இரண்டு கையையும் கூப்பிக் காட்டினான். மேகலா புரிந்துகொண்டாள். "'விட்டுரு, விட்டுரு'ன்னு அழுது கெஞ்சினானுங்களாம்!" என்றாள். திலீபனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "யாருடா அழுதது? 'போதும்'னு ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்தான். நடுவர் பரணியின் கையை உயர்த்தினார். கூட்டம் ஆர்ப்பரித்தது, அது அவன்வரை வரவில்லை. அவன் நேரே திலீபனிடம் போனான். அடிக்கத்தான் போகிறான் என்று நினைத்தார்கள். அவனோ திலீபனின் தொண்டையில் உள்ளங்கையை மெல்ல வைத்து, ஏதாவது பேசு என்று கண்ணால் கேட்டான்.