முதுகுப் பக்கத்து ஓட்டை

யூதர்களை முள்வேலிக்குள் அடைத்துவைத்திருந்த ஓர் ஊரில், தையல் கொட்டகையில் ஸெல்டா என்றொரு பெண் இருந்தாள். ஜெர்மன் சிப்பாய்களின் கிழிந்த கோட்டுகள் போர்முனையிலிருந்து லாரியில் வந்து இறங்கும்; அவற்றைத் தைத்துக் கொடுப்பதுதான் அங்கிருந்தவர்களுக்கு வேலை. அதற்குக் கிடைத்ததெல்லாம் வெறும் தண்ணீராய் ஒரு சூப்பு.

ஒரு நாள் ஜெர்மன் அதிகாரி ரெஷ்கே பூட்ஸ் அதிர உள்ளே வந்தான்.

"நாங்கள் தோற்கிறோம் என்று இங்கே பேச்சு அடிபடுகிறதாம். ரேடியோவை எங்கே ஒளித்துவைத்திருக்கிறீர்கள்? சொல்லாவிட்டால் எல்லோரையும் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுவேன்!"

பயப்படக்கூடத் தெம்பில்லாமல் எழுந்தாள் ஸெல்டா.

"ரேடியோவை நீங்கள்தானே லாரியில் அனுப்பிவைக்கிறீர்கள், ஐயா?" என்று கையிலிருந்த கோட்டைத் திருப்பிக் காட்டினாள். "முன்பெல்லாம் குண்டு துளைத்த ஓட்டை நெஞ்சுப் பக்கம் இருக்கும். இப்போது எல்லாம் முதுகுப் பக்கம். ஓடுகிறவனுக்குத்தானே முதுகில் படும்? இதைப் பார்த்தது குற்றமென்றால், மேலிடத்துக்கு அப்படியே எழுதிப்போடுங்கள்."

தன் படை ஓடுகிறது என்று எந்த அதிகாரி எழுதுவான்? ரெஷ்கேயின் முகம் சுண்டிப்போனது. விறுவிறுவென்று வெளியே போனான்.

அடுத்த லாரியில் வந்த கோட்டுகளில் முதுகு ஓட்டைகளை மட்டும் யாரோ முன்னதாகவே அடைத்திருந்தார்கள், சாக்குத் தைத்த மாதிரி கோணல்மாணலாக. ரெஷ்கேயின் சிப்பாய்கள் தைத்ததுதான்.

"இனி நமக்குச் சேதி தெரியாதே," என்றார் பக்கத்திலிருந்த கிழவர் மெண்டல்.

ஸெல்டா அந்தக் கோணல் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு அலுப்போடு ஊசியில் நூலைக் கோத்தாள்.

"தெரியாமலென்ன? ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிவைத்திருக்கிறான்."